கட்டற்ற வீரர்: அமெரிக்க பேஸ்பாலில் ஒப்பந்த விடுதலையின் வரலாறு

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெறும் மேஜர் லீக் பேஸ்பாலில், தன் ஒப்பந்தக் காலம் முடிந்து, விரும்பிய எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமை பெற்ற ஆட்டக்காரரை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்பர். தமிழில் ‘கட்டற்ற வீரர்’ எனலாம். மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுப் பணிக்காலம் நிறைவு செய்தவருக்கே இந்த உரிமை உண்டு. அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ உலகத் தொடர் முடிந்ததும் அந்த ஆண்டின் கட்டற்ற வீரர்கள் சந்தைக்கு வருகிறார்கள். அதன் பிறகு பிப்ரவரிவரை மைதானங்களில் ஆட்டம் இல்லை. ஆனால் ரசிகர்களுக்கு அந்த மாதங்களில் ஓய்வும் இல்லை. தங்கள் நட்சத்திர வீரர் இருப்பாரா, போவாரா, எந்த ஊருக்குப் போவார், எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு பணத்துக்கு என்ற பேச்சு நாள்தோறும் நடக்கும். பனிக்காலத்தில் கணப்பு அடுப்பைச் சுற்றி அமர்ந்து பேஸ்பால் பேசிய பழைய வழக்கத்தால் இந்தப் பேச்சுக் காலத்துக்கு ‘ஹாட் ஸ்டோவ் லீக்’ என்று பெயர் வந்தது.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஏலத்தில் அதிக விலை கேட்கும் அணிக்கு வீரர் போகிறார்; அணியை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பேஸ்பாலின் கட்டற்ற வீரரோ குறைந்த தொகை தருவதாகச் சொன்ன அணியைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. இன்று இயல்பாகத் தோன்றும் இந்த உரிமை 1976 வரை எந்த ஆட்டக்காரருக்கும் முறைப்படி இருந்ததில்லை. அதற்கு முன் ஏறக்குறைய நூறு ஆண்டுகள், ஓர் அணியில் கையெழுத்திட்டவர் அந்த அணியின் சொத்தாகவே இருந்தார்.

தக்கவைப்பு விதி

நேஷனல் லீக் 1876-இல் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு பருவமும் அணி மாறிக்கொண்டிருந்தார்கள். நல்ல ஆட்டக்காரரைப் பிடிக்க அணிகள் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போயின. இதை நிறுத்த, 1879 செப்டம்பரில் பஃபலோ நகரில் கூடிய உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளும். அந்த ஐவரை மற்ற அணிகள் அழைக்கக் கூடாது. முதலில் இது வெளியே சொல்லப்படவில்லை. ஐந்து பேர் என்பது படிப்படியாகப் பெருகி, அணியில் உள்ள அனைவரையும் உள்ளடக்கியதாகி, ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவாக அச்சேறியது. அதுவே ‘ரிசர்வ் கிளாஸ்’ எனப்பட்ட தக்கவைப்பு விதி.

விதியின் உட்பொருள் இதுதான்: ஆட்டக்காரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால், அணி பழைய ஒப்பந்தத்தை மேலும் ஓர் ஆண்டுக்குத் தானே புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தப் புதுப்பித்த ஒப்பந்தத்திலும் இதே பிரிவு இருக்கும் என்று உரிமையாளர்கள் பொருள் கொண்டார்கள். ஆகவே அடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம், அதற்கடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம். ‘ஓர் ஆண்டு’ என்று எழுதியிருந்தது நடைமுறையில் ஆயுள் முழுவதும் என்றாயிற்று. அணி விரும்பினால் அவரை வேறு அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வெளியேற்றலாம். ஆட்டக்காரருக்கு இருந்த ஒரே மாற்று வழி ஆட்டத்தை விட்டுவிடுவது. பின்னாளில் முழுப் போராட்டமும் இந்த ‘ஓர் ஆண்டு’ என்ற சொல்லின் மேல்தான் நின்றது என்பதால் இதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

எதிர்ப்பு தொடக்கத்திலிருந்தே இருந்தது. நியூயார்க் அணியின் ஆட்டக்காரரும் கொலம்பியா கல்லூரியில் சட்டம் படித்தவருமான ஜான் மான்ட்கமரி வார்ட் 1885-இல் ஆட்டக்காரர்களின் சகோதரத்துவச் சங்கத்தை அமைத்தார். சங்கத்தினர் 1890-இல் ‘பிளேயர்ஸ் லீக்’ என்று சொந்தமாகவே ஒரு போட்டியை நடத்திப் பார்த்தார்கள். அது ஒரு பருவத்தோடு முடிந்தது. ஃபெடரல் லீக் என்ற போட்டி அமைப்பும் 1914, 1915 ஆகிய இரண்டு பருவங்களில் மறைந்தது. அதன் பால்டிமோர் அணி தொடுத்த வழக்கில் 1922-இல் உச்ச நீதிமன்றம் வியப்பான ஒரு தீர்ப்பை அளித்தது. பேஸ்பால் ஆட்டம் என்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது; ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதினார். ரயிலேறி மாநிலம் மாநிலமாகச் சென்று, நுழைவுச்சீட்டு விற்று நடந்த ஒரு தொழிலைப் பற்றிய தீர்ப்பு இது. இதே நீதிமன்றம் 1953-இல், இந்த விலக்கை மாற்ற வேண்டுமானால் அதை நாடாளுமன்றமே செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது.

1946-இல் ஹோர்ஹே பாஸ்கல் என்ற மெக்சிகோ செல்வர், தன் நாட்டு லீக்குக்கு வருமாறு அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பெருந்தொகை காட்டி அழைத்தார். சிலர் போனார்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் ஐந்தாண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஸ்டான் மியூசியலையும் பாஸ்கல் அழைத்தார்; அவர் போகவில்லை. மியூசியல் 22 பருவங்கள் ஒரே அணியில் ஆடியவர். அந்த விசுவாசத்தைப் புகழும்போது, அந்த 22 பருவங்களிலும் வேறொரு அமெரிக்க அணிக்குப் போகும் வழியே அவருக்கு இல்லாதிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

மில்லரும் ஃப்ளட்டும்

மேஜர் லீக் பேஸ்பால் வீரர்கள் சங்கம் 1966-இல் மார்வின் மில்லரைத் தன் நிர்வாக இயக்குநராக்கியது. அவர் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பொருளாதார வல்லுநர். அப்போது ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு 5,000 டாலர். சங்கமும் உரிமையாளர்களும் செய்துகொண்ட முதல் கூட்டு உடன்படிக்கையில், 1968-இல், அது 10,000 ஆயிற்று. அதைவிட முக்கியமான வெற்றி 1970-இல் கிடைத்தது. ஒப்பந்தம் தொடர்பான முறையீடுகளை இனி உரிமையாளர்களால் நியமிக்கப்பட்ட ஆணையர் விசாரிக்க மாட்டார். இருதரப்பும் ஏற்ற நடுநிலை மத்தியஸ்தர் விசாரிப்பார் என்று எழுதப்பட்டது. உரிமையாளர்கள் இதன் கனத்தை அப்போது உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கர்ட் ஃப்ளட் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவங்கள் மைய வெளிக்களத்தில் ஆடியவர். களத்தடுப்புக்காகத் தரப்படும் கோல்ட் கிளவ் விருதைத் தொடர்ந்து ஏழு முறை பெற்றவர். அணி 1964-இலும் 1967-இலும் உலகத் தொடரை வென்றபோது உடனிருந்தவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

வழக்குத் தொடுக்க விரும்புவதாக அவர் மில்லரிடம் சொன்னார். வெல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. வென்றாலும் உன் ஆட்ட வாழ்க்கை முடிந்துவிடும். பயிற்சியாளர் வேலைகூட எந்த அணியும் தராது என்று மில்லர் எச்சரித்தார். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இதனால் நன்மை உண்டா என்று ஃப்ளட் கேட்டார். உண்டு, இனி வரப்போகிறவர்களுக்கும் உண்டு என்றார் மில்லர். அப்படியானால் அது போதும் என்று ஃப்ளட் முடிவு செய்தார். 1969 டிசம்பர் 24 நாளிட்டு ஆணையர் போவி கூனுக்கு அவர் எழுதிய கடிதம் சிறியது. இத்தனை ஆண்டுகள் ஆடிய பின், தன் விருப்பம் பாராமல் வாங்கவும் விற்கவும் கூடிய பண்டமாகத் தன்னைக் கருதவில்லை என்றும், மற்ற அணிகளின் அழைப்புகளையும் பரிசீலிக்கத் தனக்கு உரிமை உண்டு என்றும் அதில் எழுதினார். கூன் மறுத்தார்.

அப்போது ஃப்ளட்டின் சம்பளம் 90,000 டாலர். பல தொழிலாளர்களின் பத்தாண்டு வருமானத்துக்கு ஒப்பான தொகை அது. இவ்வளவு வாங்குகிறவர் தன்னை அடிமையோடு ஒப்பிடலாமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்று அவர் பதில் சொன்னார். கறுப்பின மனிதர் ஒருவர் 1970 ஜனவரியில் அமெரிக்காவில் சொன்ன பதில் அது. பெரும்பாலான விளையாட்டு எழுத்தாளர்கள் அவரை நன்றியற்றவர் என்றே எழுதினார்கள். ரசிகர்களின் வெறுப்புக் கடிதங்களும் வந்தன.

1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை தொடங்கியது. ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் ஃப்ளட்டுக்காகச் சாட்சி சொன்னார்கள். களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டக்காரர்கூட நீதிமன்றத்துக்கு வந்து அவர் பக்கத்தில் அமரவில்லை. சங்கம் வழக்குச் செலவை ஏற்றது. தனி ஆள் எவரும் தலையைக் காட்டத் துணியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1972 ஜூன் 19 அன்று 5-க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன், பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை நீளமாக அடுக்கிப் பேஸ்பாலுக்கு ஒரு புகழ்ப்பத்தி பாடிவிட்டு, விலக்கு முரணானதுதான், ஆனால் அதை நாடாளுமன்றம்தான் நீக்க வேண்டும் என்று முடித்தார். ஒரு தொழிலாளியின் வழக்கில் அந்தப் புகழ்ப்பத்திக்கு என்ன வேலை என்பது இன்றும் சட்ட மாணவர்கள் கேட்கும் கேள்வி.

ஃப்ளட் 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1971-இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்கள் ஆடிவிட்டு விலகினார். 1997 ஜனவரியில் 59-ஆம் வயதில் இறந்தார். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம், மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் பணி தொடர்பான விஷயங்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தும் என்று ஒரு சட்டம் இயற்றியது. அதற்குக் கர்ட் ஃப்ளட் சட்டம் என்று பெயர்.

அஹாஸ்கியில் ஓர் ஏலம்

வழியைத் திறந்தது நீதிமன்றம் அல்ல; செலுத்தப்படாத ஒரு காப்பீட்டுத் தொகை. ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணி 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலகத் தொடரை வென்றது. அதன் உரிமையாளர் சார்லி ஃபின்லி. தலைசிறந்த பந்தெறிவாளர் ஜிம் ஹன்டர். ‘கேட்ஃபிஷ்’ என்ற பட்டப்பெயரை ஹன்டருக்குச் சூட்டியவர் ஃபின்லிதான். கெளுத்தி மீன் பிடிக்கப் போன சிறுவன் என்று ஒரு கதையையும் அவரே கட்டி, பத்திரிகையாளர்களுக்குச் சொல்லச் சொன்னார். 1974-இல் ஹன்டரின் சம்பளம் 1,00,000 டாலர். அதில் பாதியை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எதிர்கால ஓய்வூதியமாகச் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வரிக்கணக்கில் அது தனக்கு லாபமில்லை என்று தெரிந்ததும் ஃபின்லி அதைச் செலுத்தவில்லை. சங்கம் முறையிட்டது. மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தத்தை அணியே மீறிவிட்டதால் ஹன்டர் இனி எவருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று 1974 டிசம்பரில் தீர்ப்பளித்தார்.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருது பெற்றவர், 25 ஆட்டங்களை வென்றவர், திடீரென்று யாரோடும் பேசலாம் என்றாயிற்று. இப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. வட கரோலினாவின் அஹாஸ்கி என்ற சிற்றூரில் ஹன்டரின் வழக்கறிஞர் அலுவலகம் இருந்தது. அந்த ஊருக்குப் பல அணிகளின் உரிமையாளர்களும் மேலாளர்களும் வரிசையாக வந்து இறங்கினார்கள். அன்றாடம் யார் வந்தார், என்ன சொன்னார் என்று நாடெங்கும் செய்தித்தாள்கள் எழுதின. ஒரு வீரரின் பேரத்தை நாள்தோறும் ரசிகர்கள் பின்தொடரும் பழக்கம் அந்த இரண்டு வாரங்களில்தான் பிறந்தது என்பது என் கருத்து.

சான் டியேகோ, கேன்சஸ் சிட்டி ஆகிய அணிகள் கூடுதல் தொகை தருவதாகச் சொல்லியும், டிசம்பர் 31 அன்று ஹன்டர் நியூயார்க் யாங்கீஸ் அணியோடு ஐந்தாண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். மொத்தம் முப்பத்தைந்து லட்சம் டாலர் அளவில். யாங்கீஸ் சார்பில் அவரிடம் பேசியவர் கிளைட் கிளட்ஸ். பள்ளிப் பருவ ஹன்டரை முதன்முதலில் கண்டுபிடித்து ஃபின்லியின் அணிக்குச் சேர்த்துவிட்ட அதே மனிதர். முன்பு பெற்றதைவிடப் பல மடங்கு ஊதியத்துக்கு ஒருவர் வாங்கப்பட்டதைப் பார்த்த மற்ற ஆட்டக்காரர்களுக்கு, இதுவரை தங்கள் உண்மையான மதிப்பு என்ன என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

ஓர் ஆண்டு என்றால் ஓர் ஆண்டு

ஹன்டரின் வழக்கில் தக்கவைப்பு விதி நேரடியாகச் சோதிக்கப்படவில்லை. அதைச் சோதித்தவர்கள் இரு பந்தெறிவாளர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், தன் அனுமதியின்றி வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற உறுதி கேட்டார், அணி தரவில்லை. ஆகவே 1975 பருவம் முழுவதையும் கையெழுத்திடாமல் ஆடி, 19 ஆட்டங்களை வென்றார். மான்ட்ரியால் எக்ஸ்போஸ் அணியின் டேவ் மெக்னாலியும் கையெழுத்திடவில்லை. முன்பு பால்டிமோரில் நான்கு பருவங்கள் தொடர்ந்து இருபதோ அதற்கு மேலோ வெற்றிகள் கண்ட அவர், பருவத்தின் நடுவே ஆட்டத்தை விட்டு மான்டானாவில் தன் ஊரான பில்லிங்ஸுக்குத் திரும்பிவிட்டார். மெஸ்ஸர்ஸ்மித் கடைசி நேரத்தில் கையெழுத்திட்டுவிட்டால் வழக்கு இல்லாமல் போய்விடுமே என்று மில்லர் அவரையும் சேர்த்துக்கொண்டார். எக்ஸ்போஸ் தலைவர் பில்லிங்ஸுக்கே போய், முன்பணமும் பெரிய சம்பளமும் தருவதாகச் சொன்னார். இனிப் பந்தெறியும் எண்ணமே இல்லாத ஒருவருக்கு அந்தப் பணம் சும்மா வந்த பணம். மெக்னாலி வாங்கவில்லை. இந்த வரலாற்றில் ஃப்ளட்டுக்கு அடுத்தபடி நான் மதிப்பது இவரைத்தான். ஆனால் ரசிகர்களிடையே இவர் பெயர் அதிகம் வழங்குவதில்லை.

மீண்டும் பீட்டர் சைட்ஸ்தான் மத்தியஸ்தர். 1975 டிசம்பர் 23 அன்று அவர் தீர்ப்பளித்தார். ஓர் ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம் என்று எழுதியிருந்தால் அதன் பொருள் ஓர் ஆண்டுதான்; அந்த ஆண்டு கையெழுத்திடாமல் ஆடி முடித்தவர் விடுதலை பெற்றவர். மூவர் குழுவில் மில்லர் ஒரு பக்கம், உரிமையாளர் தரப்பின் ஜான் கேஹெரின் மறுபக்கம். சைட்ஸின் வாக்கே முடிவு செய்தது. தீர்ப்புக் கிடைத்த சில நிமிடங்களில் உரிமையாளர்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். நீதிமன்றங்களுக்கும் போனார்கள், 1976 தொடக்கத்தில் இரண்டு நிலைகளிலும் தோற்றார்கள்.

மெஸ்ஸர்ஸ்மித்தை அட்லாண்டா பிரேவ்ஸ் எடுத்தது. உரிமையாளர் டெட் டர்னரின் தொலைக்காட்சி நிலையம் 17-ஆம் அலைவரிசை. ஆகவே மெஸ்ஸர்ஸ்மித்துக்கு 17 என்ற எண்ணைக் கொடுத்து, அதன் மேலே பெயருக்குப் பதிலாக ‘சேனல்’ என்று போட்டு ஆடவிட்டார் டர்னர். லீக் தலையிட்டு அதை நிறுத்தியது. விடுதலை பெற்ற முதல் ஆளின் முதுகு உடனே விளம்பரப் பலகையானது வேடிக்கைதான்.

இப்போது எல்லா ஆட்டக்காரர்களும் ஒவ்வோர் ஆண்டும் விடுதலையாகலாம் என்ற நிலை. உரிமையாளர்கள் பதறினார்கள். ஃபின்லி ஒருவர் மட்டும், எல்லோரையும் கட்டற்றவர்களாக்கிவிடுங்கள் என்றார். மில்லர் உண்மையில் அஞ்சியது இதைத்தான். அறுநூறு பேர் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தால் விலை சரிந்துவிடும். ஆண்டுக்குச் சிலர் மட்டும் வந்தால் அவர்களுக்காக அணிகள் முட்டிமோதும். ஃபின்லியின் பேச்சை மற்ற உரிமையாளர்கள் கேட்கவில்லை. 1976 ஜூலையில் ஆறு ஆண்டுப் பணிக்காலம் என்ற நிபந்தனைக்கு இருதரப்பும் உடன்பட்டன. உரிமையாளர்கள் தாங்கள் ஒரு தடையை வாங்கிவிட்டதாக எண்ணினார்கள். ஆட்டக்காரர்களின் விலையை உயர்த்தியது அந்தத் தடைதான். பொருளியல் வகுப்பில் தேவை, அளிப்பு பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்த நவம்பரில் மினசோட்டாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன பில் கேம்பல், 1976-இல் 23,000 டாலர் வாங்கியவர். புதிய ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்குப் பத்து லட்சம். ரெஜி ஜாக்சன் ஏறக்குறைய முப்பது லட்சத்துக்கு யாங்கீஸ் அணியில் சேர்ந்தார். மறு ஆண்டு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார்.

ரசிகரின் பக்கம்

இந்த வரலாற்றை ஆட்டக்காரர்களின் வெற்றியாக மட்டும் எழுதிவிட்டால் ஓக்லண்ட் ரசிகர்களை மறந்தவர்கள் ஆவோம். மூன்று கோப்பைகளை வென்ற அவர்களுடைய அணி, 1976 முடிந்ததும் கலைந்தது. ஜாக்சனை ஃபின்லி முன்பே மாற்றிவிட்டார். ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ், சால் பான்டோ எல்லாரும் கட்டற்ற வீரர்களாக வெளியேறினார்கள். 1977-இல் ஓக்லண்ட், அந்த ஆண்டுதான் புதிதாகத் தொடங்கிய சியாட்டில் அணிக்கும் கீழே, பிரிவின் கடைசி இடத்தில் முடிந்தது. பணமுள்ள ஊருக்கு நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சம் அன்றிலிருந்து சிறு நகர ரசிகர்களை விடவில்லை.

ஆனால் விசுவாசம் பற்றிய பேச்சில் இன்னொரு கணக்கும் உண்டு. 1957 பருவம் முடிந்ததும் புரூக்ளின் டாட்ஜர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய இரண்டு அணிகளையும் அவற்றின் உரிமையாளர்கள் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போனார்கள். ஓக்லண்ட் அணியே 1968-இல் கேன்சஸ் சிட்டியிலிருந்து வந்தது. 2024 பருவத்தோடு ஓக்லண்டையும் விட்டுப் போய்விட்டது. ஊரை விட்டுப்போன உரிமையாளரை எந்தத் தக்கவைப்பு விதியும் பிடித்து நிறுத்தவில்லை.

ரசிகரின் கோபமும் பாசமும் எப்படி மாறும் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். சியாட்டிலின் அலெக்ஸ் ராட்ரிகஸ் 2000 டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியோடு பத்து ஆண்டுகளுக்கு 25.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். அந்த அணியையே அதன் உரிமையாளர் சில ஆண்டுகள் முன் ஏறக்குறைய அதே விலைக்குத்தான் வாங்கியிருந்தார். மறு ஏப்ரலில் ராட்ரிகஸ் சியாட்டிலுக்கு ஆட வந்தபோது ரசிகர்கள் போலி டாலர் தாள்களை அவர்மேல் வீசினார்கள்.

ஆல்பர்ட் புஹோல்ஸ் கதை வேறு. கார்டினல்ஸ் அணியில் 11 பருவங்கள். மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2006, 2011 உலகத் தொடர்கள். மியூசியலுக்குப் பின் அந்த ஊர் தன்னவர் என்று கொண்டாடியவர் அவர். 2011 வெற்றிக்கு ஆறு வாரம் கழித்து, ஏஞ்சல்ஸ் அணியோடு பத்து ஆண்டுகள், 24 கோடி டாலர் என்று செய்தி வந்தது. செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் சிலர் அவர் சட்டையை எரித்தார்கள், சிலர் மடித்து வைத்தார்கள். போட்டி அட்டவணையின் அமைப்பால் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் அந்த ஊரில் ஆடவே இல்லை. 2019 ஜூனில் எதிரணிச் சட்டையில் வந்தார். அவர் மட்டையோடு வரும் ஒவ்வொரு முறையும் அரங்கம் எழுந்து நின்றது. இரண்டாம் நாள் தங்கள் அணிக்கு எதிராகவே ஹோம் ரன் அடித்தார். அவர் வெளியே வந்து தொப்பியைத் தூக்கிக் காட்டும்வரை கைதட்டல் ஓயவில்லை. 2022-இல், 42 வயதில், கார்டினல்ஸ் அணிக்கே திரும்பி 700-ஆவது ஹோம் ரன்னை அடித்து, மொத்தம் 703-உடன் ஓய்வு பெற்றார். பேரம் முறிந்த 2011-இல் அணி கொடுக்க மறுத்த பணத்தையும் இங்கே நினைக்க வேண்டும். ஏஞ்சல்ஸ் அணியில் அவர் ஆட்டம் ஆண்டுதோறும் தேய்ந்தது. கணக்குப் பார்த்தால் செயின்ட் லூயிஸ் நிர்வாகம் பிழைத்தது.

உரிமையாளர்களின் இரகசியம்

விலை ஏறுவதைப் பொறுக்காத உரிமையாளர்கள் 1985 முதல் மூன்று குளிர்காலங்கள் ஓர் உத்தியைக் கையாண்டார்கள்: மற்றோர் அணியின் கட்டற்ற வீரரை யாரும் அழைப்பதில்லை. டெட்ராய்ட்டின் கிர்க் கிப்சன் போன்ற முன்னணி ஆட்டக்காரருக்கே அழைப்பு வரவில்லை. மான்ட்ரியாலின் ஆண்ட்ரே டாசன் 1987 மார்ச்சில் சிகாகோ கப்ஸ் அணியிடம் தொகை எழுதாத ஒப்பந்தத்தைக் கொடுத்து, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கப்ஸ் 5,00,000 டாலர் என்று எழுதியது. முன்பு வாங்கியதைவிடக் குறைவு. அந்தப் பருவம் அவர் 49 ஹோம் ரன் அடித்தார். அணி பிரிவின் கடைசி இடத்தில் முடிந்தும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. இது கூட்டுச் சதி என்று மத்தியஸ்தர்கள் தீர்ப்பளித்தார்கள். 1990-இல் உரிமையாளர்கள் 28 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கசப்பு 1994 ஆகஸ்டில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் வெடித்தது. உலகத் தொடரே நடக்கவில்லை. 232 நாட்களுக்குப் பின், பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயோர் பிறப்பித்த தடையாணையால் பழைய விதிகளோடு ஆட்டம் திரும்பியது.

சிறிய அளவிலான உத்திகள் இன்றும் உண்டு. 172 நாட்கள் ஓர் ஆண்டுப் பணிக்காலமாகக் கணக்கிடப்படும். சிகாகோ கப்ஸ் 2015-இல் கிரிஸ் பிரையன்ட் என்ற இளைஞரைப் பருவம் தொடங்கிச் சில நாட்கள் கழித்தே மேஜர் லீக் அணிக்கு அழைத்தது. பருவ முடிவில் அவர் கணக்கில் 171 நாட்கள். அந்த ஒரு நாள் குறைவால் அவருடைய விடுதலை ஓர் ஆண்டு தள்ளிப்போனது. முறையிட்டார், 2020-இல் தோற்றார்.

விமானத்தைத் தேடிய நாள்

பேரத்தைப் பின்தொடர்வது இன்று எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதற்கு 2023 டிசம்பர் 8 சான்று. பந்தெறிவதிலும் மட்டையடிப்பதிலும் ஒருசேரச் சிறந்த ஜப்பானியர் ஷோஹே ஓட்டானி அப்போது கட்டற்ற வீரர். அவர் டொரண்டோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருப்பதாக ஒரு செய்தி பரவியது. தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து டொரண்டோ நோக்கி ஒரு தனியார் விமானம் பறப்பதைக் கண்டுபிடித்த ரசிகர்கள், ஆயிரக்கணக்கில் திரையில் அதன் நகர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமான நிலையத்தில் படப்பிடிப்புக் கருவிகள் காத்திருந்தன. கதவு திறந்தது, இறங்கியவர் கனடாவின் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜவெக், குடும்பத்தோடு. மறுநாள் ஓட்டானி, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியோடு பத்து ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்டதாகத் தானே அறிவித்தார். தொகை 70 கோடி டாலர். அதில் ஆண்டுக்கு 20 லட்சம் மட்டும் இப்போது, மீதி 68 கோடி வட்டியின்றி 2034 முதல் 2043 வரை.

ஓராண்டு கழித்து டொமினிகன் குடியரசைச் சேர்ந்த ஹுவான் சோட்டோ, நியூயார்க் மெட்ஸ் அணியோடு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலரில் கையெழுத்திட்டார். 2022-இல் வாஷிங்டன் தருவதாகச் சொன்ன 44 கோடியை மறுத்தவர் அவர். அதற்காக அப்போது பலர் அவரைக் கேலி செய்தார்கள்.

டொரண்டோ ரசிகர்கள் அந்த விமானத்தை மறக்கவில்லை. 2025 உலகத் தொடரில் டொரண்டோவும் டாட்ஜர்ஸும் மோதின. முதல் ஆட்டத்தில் டொரண்டோ 11-4 என்று முன்னிலையில் இருக்க, ஓட்டானி மட்டையோடு நின்றபோது, நீ எங்களுக்குத் தேவையில்லை என்று அரங்கம் ஒரே குரலில் கத்தியது. தொடர் ஏழாவது ஆட்டம்வரை போயிற்று. அதே அரங்கில், கூடுதல் இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் வென்றது.

மார்வின் மில்லர் 2012-இல் இறந்தார். அவர் பெயர் 2021-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. கர்ட் ஃப்ளட்டின் பெயர் அங்கே இல்லை. வீரர்கள் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையே இப்போது நடைமுறையில் உள்ள கூட்டு உடன்படிக்கை 2022-இல், 99 நாள் கதவடைப்புக்குப் பின் கையெழுத்தானது. அதன் காலம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது.